ஓடைக்கு இந்தப் பக்கம் காப்பு, அந்தப் பக்கம் ஓட்டு

ஈப்போவில் என் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி தட்டுகிற காசி ஒரு நாள் கல்லாப் பக்கம் வந்து நின்று தலையைச் சொறிந்தான். சம்பளத்தைப் பற்றிப் பேசப் போகிறான் என்று நினைத்து முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டேன். அவன் கேட்டது வேறு. ஜவ்வாது மலையில் இருக்கும் அவன் ஊர் அம்மனுக்கு ஒரு வெண்கல மணி வேண்டிக்கொண்டிருந்தானாம். இந்த வருடத் திருவிழாவில் காப்புக் கட்டிக்கொள்ளும் முறை அவன் வீட்டுக்கு வருகிறது. வேலை அனுமதி புதுப்பிக்கிற நேரம் என்பதால் அவனால் போக முடியாது. அவனுக்குப் பதிலாக அவன் அக்கா மல்லிகா காப்புக் கட்டிக்கொள்வார், மணியை மட்டும் நான் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும் என்றான்.

"வருசா வருசம் இந்தியா போய்ட்டு வர்றீங்க மொதலாளி. எங்க மலைக்கும் ஒரு எட்டு போய்ட்டு வாங்க."

நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் பக்தி இல்லை. அந்த மலையின் தேனையும் சாமைச் சோற்றையும் பலாப்பழத்தையும் பற்றி ஏழெட்டு வருடமாக அவன் என் காதில் ஓதிக்கொண்டிருந்தான். சாப்பாட்டுக் கடைக்காரனைக் கோயிலுக்கு அனுப்ப இதைவிட நல்ல வழி கிடையாது.

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். மணியின் நாக்கைக் காசி ஒரு பழைய துண்டால் இறுகச் சுற்றிக் கட்டியிருந்தான். உள்ளே எதையோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்ற சந்தேகத்தில் அதிகாரி துண்டை அவிழ்த்து மணியை ஆட்டிப் பார்த்தார். வரிசையில் நின்றவர்களில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதிகாரியும் போட்டுக்கொண்டு, போங்க சார் என்றார். துண்டில் ரொட்டி எண்ணெய் வாடை அடித்ததால் அதை அங்கேயே குப்பைத் தொட்டியில் போட்டேன். பின்னால் வந்த அத்தனைக்கும் அந்தத் துண்டுதான் காரணம்.

போளூரில் நான் ஏறிய பேருந்து மலையின் பாதியில், ஒரு கொண்டையூசி வளைவில், புகை விட்டு நின்றது. எங்கள் ஊரில் கேமரன் மலைக்குப் போகிற பேருந்து இப்படி நின்றால் பயணிகள் உடனே கைப்பேசியை எடுத்துப் புகார் எழுத ஆரம்பித்துவிடுவார்கள். இங்கே எல்லோரும் இதற்காகவே வந்தவர்கள்போல இறங்கி மரத்தடியில் உட்கார்ந்தார்கள். ஒரு பெண் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழத்தைப் பிளந்தார். முன்பின் தெரியாத எனக்கும் ஒரு கை நிறையச் சுளை வந்தது. காசி பொய் சொல்லவில்லை என்று அப்போதே தெரிந்தது.

பேருந்து கிளம்புகிற வழியைக் காணோம். பின்னால் வந்த ஒரு குட்டியானை வண்டி என்னையும் மணியையும் ஏற்றிக்கொண்டது. ஓட்டியவர் அக்பர் பாய். மலை ஏறும்போது வெங்காயமும் தக்காளியும் கொண்டுபோவார், இறங்கும்போது தேனோ புளியோ பலாவோ, மலை அந்த மாதம் எதைக் கொடுக்கிறதோ அதைக் கொண்டுவருவார். நான் போகிற ஊரின் பெயரைக் கேட்டதும் சிரித்தார். அந்த ஊர் வாசல் வரைக்கும் வண்டி போகாதாம், நடுவில் ஓடை இருக்கிறதாம்.

வழி நெடுக அரசியல் பேசினார். அந்தப் பஞ்சாயத்தில் துணைத் தலைவராக இருந்தவர் உடம்புக்கு முடியாமல் விலகிவிட்டார். வார்டு உறுப்பினர்கள் கூடித் தங்களில் ஒருவரைப் புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாளை மறுநாள் கூட்டம். தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் எந்த வேலையும் நகரும் என்பதால் இது சின்னப் பதவி இல்லை. போட்டியிடுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஜெயவேல், ஊர் முகப்பில் அம்மன் சிலையோடு ஓர் அலங்கார வளைவு கட்டுவேன் என்கிறார். இன்னொருவர் மல்லிகா, ஓடைக்கு மேல் பாலம் கட்டுவேன் என்கிறார். மழை வந்தால் ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, கர்ப்பிணிக்கு ஆஸ்பத்திரி இல்லை, பாயின் வெங்காயத்துக்கு வியாபாரம் இல்லை. மல்லிகாதான் காசியின் அக்கா என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பயல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அந்த ஊர்ல எனக்கு ஓட்டும் இல்ல, வூடும் இல்ல" என்றார் பாய். "ஆனா பாலம் வேணும். இத்த யாருகிட்ட போய்க் கேக்கிறது, சொல்லுங்க."

ஜமுனாமரத்தூரில் தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. ஆடி மாதம், மேலே எங்கோ மழை பெய்திருந்தது. அக்கரையில் காத்திருந்த மல்லிகா தானே இறங்கி வந்து மணிப் பெட்டியைத் தலையில் வாங்கிக்கொண்டார். நாற்பது வயது இருக்கும். வேகமாக நடப்பார், அதைவிட வேகமாகப் பேசுவார்.

அவர் வீட்டில் சாமைச் சோறும் காராமணிக் குழம்பும் போட்டார்கள். முதல் முறை பசிக்குச் சாப்பிட்டேன், இரண்டாவது முறை ருசிக்கு. மூன்றாவது முறைக்குக் காரணம் கிடையாது. ஊர்க்காரர்கள் வந்து கதவோரம் நின்று, மலேசியாக்காரர் சாப்பிடுகிறதைச் சந்தோஷமாக வேடிக்கை பார்த்தார்கள்.

கை கழுவிவிட்டு மணியை வெளியே எடுத்தேன். கோயில் வீட்டுக்கு எதிரிலேயே இருந்தது, ஓட்டுக் கூரை போட்ட சின்னக் கோயில். எவ்வளவு நல்ல மணி என்று எல்லோருக்கும் தெரிய வேண்டாமா? கோயில் வாசலில் நின்று உயரத் தூக்கி மூன்று முறை அடித்தேன்.

ஊர் அப்படியே நின்றுபோனது. அப்புறம் எல்லா வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பெண்கள் குடத்தோடு ஓடைக்குக் குளிக்க ஓடினார்கள். அடுப்பில் இருந்த கோழிக் குழம்பை ஒரு வீட்டில் அப்படியே இறக்கி வெளியே வைத்தார்கள். என் மணிக்கு இவ்வளவு வரவேற்பா என்று பூரித்துப்போய் நின்றேன். வெள்ளையன் பூசாரி, ஒல்லியான பெரியவர், ஈர வேட்டியோடு வந்து மல்லிகாவின் கையில் மஞ்சள் துணியில் வேப்பிலை வைத்துக் காப்புக் கட்டினார். மல்லிகா கையை நீட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் வரவேற்பு இல்லை.

பிறகுதான் எனக்கு விளக்கினார்கள். ஒவ்வொரு வருடமும் திருவிழா முடிந்ததும் கோயில் மணியின் நாக்கைத் துணி சுற்றிக் கட்டிவிடுவது அந்த ஊர் வழக்கம். அதற்குப் பிறகு அந்த வாசலில் முதல் மணிச் சத்தம் எப்போது கேட்கிறதோ அன்றைக்குக் காப்பு. காப்பு விழுந்துவிட்டால் திருவிழா முடிகிற வரை ஊரில் கறி இல்லை, தாளிப்பு இல்லை. காப்புக் கட்டிக்கொண்டவர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த வருடம் திருவிழாவே கிடையாது. எல்லை என்பது அந்த ஓடை. பஞ்சாயத்து அலுவலகம் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

கூட்டம் முடிந்த அன்று சாயங்காலம் காப்பு வைத்துக்கொள்ளலாம் என்று மல்லிகா பூசாரியிடம் முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்திருந்தார். நான் இரண்டு நாள் முன்னால் அடித்துத் தொலைத்துவிட்டேன். காசி அந்தத் துண்டை ஏன் சுற்றினான் என்று தெரிந்துகொள்ள நான் கடல் தாண்டி வர வேண்டியிருந்தது.

மறுநாள் காலை ஜெயவேல் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையக் குங்குமம், தட்டில் தேங்காய் பழம், பின்னால் நாலு பேர். நல்ல மனிதர்தான், என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்து மலேசியாவில் மழை உண்டா என்று விசாரித்தார். அம்மன் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, எழுந்திருக்கிற அவசரமே இல்லாமல் கிடந்தார். அப்புறம் மல்லிகாவின் கையைப் பார்த்து மிகவும் வருத்தப்பட்டார். காப்புக் கட்டினவர்கள் எல்லை தாண்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை, சாமி சொல்கிறது என்றார்.

எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. மலேசியாவில் பண்டிகை என்றால் திறந்த இல்ல உபசரிப்பு உண்டு, யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிடலாம். எங்கள் வட்டாரத்து அரசியல்வாதி ஒருவர் தீபாவளிக்கு ஜிப்பாவில் வருவார், சீனப் புத்தாண்டுக்குச் சிவப்புச் சட்டையில் வருவார், நோன்புப் பெருநாளுக்குச் சொங்கோக் தொப்பி வைத்துக்கொள்வார். எல்லா வீட்டிலும் ஒரே சிரிப்பு. ஆனால் அவர் குறைந்தபட்சம் சாப்பிட்டுவிட்டுப் போவார். ஜெயவேலுக்கு அன்று நல்ல காப்பி கொடுத்தும் விரதம் என்று தொடவில்லை.

அவர் பக்கத்துக் குடியிருப்புக்கும் போனார். அங்கே மாதா கோயில் இருக்கிறது. அந்த வார்டு உறுப்பினர் ஆரோக்கியம் தேனீ வளர்க்கிறவர், மல்லிகாவின் ஆதரவாளர். உங்கள் தெரு முனையிலும் ஒரு வளைவு, மேலே சிலுவை வைத்து, என்று ஜெயவேல் சொன்னாராம். வழியில் அக்பர் பாயைப் பார்த்தபோது பாய்க்கும் ஒரு வளைவு கிடைத்தது. இந்தக் கணக்கில் போனால் மலை முழுக்க வளைவு வந்துவிடும், வளைவுக்குள் நுழையத்தான் வழியிருக்காது என்று ஆரோக்கியம் சொல்லிச் சிரித்தார்.

ஆனால் மத்தியானத்துக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. மல்லிகா போகாவிட்டால் அவர் ஓட்டும் போய்விடும், ஜெயவேல்தான் துணைத் தலைவர், பாலம் அவ்வளவுதான். கோயில் வாசலில் ஊர் கூடி யோசித்தது. தேர்தல் அதிகாரியிடம் கைப்பேசியில் பேசிப் பார்த்தார்கள். கூட்டத் தேதி சட்டப்படி வைத்தது, திருவிழாவுக்காக மாற்ற முடியாது என்று அவர் மரியாதையாகவே சொன்னார். மல்லிகாவின் சித்தப்பா ஒரு வழி சொன்னார். ஜெயவேல் பக்கம் இருக்கிற உறுப்பினர்களில் இரண்டு பேர் இந்த அம்மனுக்குப் பயந்தவர்கள். அவர்களைக் கூட்டிவந்து, மல்லிகாவுக்கே ஓட்டு என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கிவிட்டால் போதும். மல்லிகா நேரில் போகாவிட்டாலும் ஜெயித்துவிடலாம்.

கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்கும் நல்ல யோசனையாகவே பட்டது, மணி அடித்த பாவம் தீருமே.

மல்லிகா வேண்டாம் என்றார். "நான் பாலம் கட்டலன்னா அவுங்க என்கிட்ட வந்து சண்ட போடணும் சித்தப்பா. சாமிக்கு பயந்து ஓட்டு போட்டவன் எப்பிடி சண்ட போடுவான்?"

இளைஞர்கள் இன்னொரு வழி கொண்டுவந்தார்கள். சாமி எங்கே இருக்கிறதோ அதுவே எல்லை. அம்மனைப் பல்லக்கில் வைத்து மேளத்தோடு ஓடையைத் தாண்டிப் பஞ்சாயத்து அலுவலகம் வரை தூக்கிக்கொண்டு போவோம், மல்லிகாக்கா கூடவே வரட்டும். ஆரோக்கியம் தன் குடியிருப்புப் பையன்களையும் மேளத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். பார்க்க எவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் மனதுக்குள் படம் பிடிக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

அதற்கும் மல்லிகா மாட்டேன் என்று தலையை ஆட்டினார். இன்றைக்கு நான் அம்மனைத் தூக்கிக்கொண்டு ஓட்டுக்குப் போனால், அடுத்த கூட்டத்துக்கு ஜெயவேல் பெரிய அம்மனைத் தூக்கிக்கொண்டு வருவார், ஆரோக்கியம் மாதாவோடு வர வேண்டியிருக்கும், அப்புறம் பாலத்தைப் பற்றி யார் பேசுவது என்றார். காப்பை அறுத்துவிட்டுப் போகவும் அவருக்கு மனமில்லை. ஊரே வருடம் முழுக்கக் காத்திருந்த திருவிழா, என் ஒருத்திக்காக நிற்கக் கூடாது என்றார். மல்லிகா முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அப்போதுதான் வாயைத் திறந்தேன். முறை காசியுடையது, அவனுக்குப் பதிலாகத்தான் மல்லிகா கட்டியிருக்கிறார். அவனுக்குப் பதிலாக மணியைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நான். மணியை அடித்ததும் நான். காப்பை என் கைக்கு மாற்ற முடியுமா?

பூசாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். என் தொப்பையில் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். காப்பு மாறலாம், ஆனால் அதே வீட்டு ஆளுக்குத்தான் மாறும் என்றார். வீட்டு ஆள் என்பதற்கு அவர்கள் பிறப்பைப் பார்ப்பதில்லையாம், பானையைப் பார்ப்பார்களாம். ஒரே பானையில் சாப்பிடுகிறவர்கள் ஒரு வீடு. காசி ஏழெட்டு வருடமாக என் கடைப் பானையில் சாப்பிடுகிறான், அது ஒரு பக்கம் சரி. நான் அவர்கள் பானையில் சாப்பிட்டேனா என்று சாட்சி கேட்டார்.

கூட்டத்திலிருந்து ஒரே நேரத்தில் பத்துப் பேர் சாட்சி சொன்னார்கள். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டதையும், குழம்புச் சட்டியை வழித்ததையும், கடைசியில் மோர் கேட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னார்கள். என் வாழ்க்கையில் என் தீனி ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது அதுதான் முதல் முறை.

பூசாரி அம்மன் தோள்களில் இரண்டு பக்கமும் பூ வைத்து உத்தரவு கேட்டார். வலது பக்கப் பூ விழுந்தது, உத்தரவு கிடைத்துவிட்டது. பிறகு மல்லிகாவிடம் ஒரு விஷயத்தைச் சொன்னார். காப்பு ஒரு முறை கை மாறினால் திரும்ப வராது. திருவிழா அன்று காப்புக் கட்டியவர்தான் கரகம் எடுப்பார், இனி அது மல்லிகா இல்லை.

அவர் உடனே கையை நீட்டவில்லை. "எங்க வூட்டுக்கு அடுத்த மொற வர்றதுக்குள்ள நான் கெழவி ஆயிடுவேன்" என்று மெதுவாகச் சொன்னார். அதை யாரிடமும் புகாராகச் சொல்லவில்லை. பூசாரி அவர் கையிலிருந்து காப்பை அவிழ்த்து என் கையில் கட்டினார். மஞ்சள் துணி அவர் கைச் சூட்டோடு இருந்தது. மல்லிகா என்னைப் பார்த்து, "பாத்து இருங்கண்ணா" என்றார். அதுவரை அவர் என்னை மொதலாளி என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

ராத்திரி காசியைக் கைப்பேசியில் கூப்பிட்டு, நான் இப்போதைக்கு ஊர் திரும்ப முடியாது, கடையை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன். காரணத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டான். அப்புறம், துண்டை எங்கே மொதலாளி போட்டீங்க என்றான்.

கூட்ட நாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. மல்லிகாவும் ஆரோக்கியமும் கையைக் கோத்துக்கொண்டு ஓடையில் இறங்கினார்கள். தண்ணீர் தொடைவரை ஏறியிருந்தது. ஒரு தடவை மல்லிகா தடுமாறினார், இக்கரையில் நின்ற எங்கள் எல்லோருக்கும் உயிர் போய் வந்தது. அக்கரை ஏறித் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு, அதே வேகத்தில் நடந்து மறைந்தார்.

நாங்கள் இக்கரையில் உட்கார்ந்தோம். எனக்குக் காலைச் சாப்பாடாகத் தாளிக்காத கீரைக் கடைசலும் களியும் வந்தன. கடுகு வெடிக்கிற சத்தத்திலேயே முப்பது வருடம் பிழைத்தவன் நான், தாளிக்காத கீரையைச் சாப்பிடுவது உப்பில்லாமல் பேசுவது மாதிரி இருந்தது. மழை நின்ற நேரத்தில் அக்பர் பாயின் வண்டி அக்கரையில் வந்து நின்றது. மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம், எல்லோருக்கும் பிரியாணி கொண்டுவந்திருந்தார். என் கையில் காப்பைப் பார்த்துவிட்டு மூடியைச் சட்டென்று மூடினார். ஆனால் காற்று எங்கள் பக்கம்தான் அடித்தது.

பதினைந்து அடி தூரம்தான். தாண்டினால் போலீஸ் பிடிக்கப் போவதில்லை. தைப்பூசத்துக்குக்கூட முழு விரதம் இருக்காதவன் நான், அந்த ஓடைக் கரையில் எச்சிலை விழுங்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நான் எழுந்தால் மல்லிகா விட்டுக்கொடுத்தது வீணாகிவிடும் என்ற ஒரே எண்ணம்தான் என்னைப் பிடித்து வைத்திருந்தது. பாய் அதைப் புரிந்துகொண்டு பிரியாணியை வண்டியின் அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தார்.

மத்தியானம் தாண்டி அவர்கள் வந்தார்கள். ஆரோக்கியம் முன்னால் ஓடிவந்து, வாய்க்குள் இரண்டு விரலை விட்டு நீளமாக விசில் அடித்தார். இக்கரையில் பெண்கள் குலவை போட்டார்கள். ஒரே ஓட்டு வித்தியாசம். மல்லிகா துணைத் தலைவர்.

ஜெயவேல் பக்கத்து உறுப்பினர் ஒருவர் மாற்றிப் போட்டிருந்தார், ரகசிய வாக்கெடுப்பு என்பதால் அந்த ஓட்டு யாருடையது என்று தெரியவில்லை. அடுத்த இரண்டு நாளில் மூன்று உறுப்பினர்கள் தனித்தனியாக வந்து, வேறு யாருக்கும் கேட்காமல், அது என் ஓட்டுதான் என்று மல்லிகாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்று பேரிடமும் அவர், தெரியுங்க, உங்க ஓட்டுதான் என்றார். இந்த அம்மாள் அரசியலில் நீடித்து நிற்பார் என்று எனக்கு அப்போது நிச்சயமாகத் தோன்றியது.

திருவிழா அன்று எனக்கு மஞ்சள் வேட்டி கட்டிக் கரகத்தைத் தலையில் வைத்தார்கள். பூ சுற்றிய குடம், உள்ளே தண்ணீர், மேலே எலுமிச்சம்பழம். என் முழங்கால் இரண்டும் மலேசியாவிலேயே பழுதானவை. பத்தடி போவதற்குள் கழுத்து நடுங்கியது. மேளம் காதைப் பிளந்தது. மாதா கோயில் தெருவிலிருந்தும் ஆட்கள் வந்து ஓரமாக நின்று பார்த்தார்கள். தோற்ற ஜெயவேலும் வந்திருந்தார். இந்த முறை காப்பி கொடுத்ததும் மறுக்காமல் குடித்தார்.

என் பாதத்துக்கு முன்னால் ஒருவர் குடத்தோடு நடந்து, ஒவ்வோர் அடிக்கும் தரையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார். சூட்டிலும் கல்லிலும் என் கால் நோகாமல் இருப்பதற்காக. குனிந்து பார்க்க முடியாது, கரகம் விழுந்துவிடும். ஓரக் கண்ணால்தான் பார்த்தேன், மல்லிகா. அவர் எடுக்க வேண்டிய கரகத்துக்கு அவரே பாதை நனைத்துக்கொண்டு போனார். அழுதுகொண்டுதான் ஊற்றினார். எனக்கும் கண் நிறைந்தது, துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் குடத்தில் இருந்தன. அந்த ஊரைச் சுற்றி முடிக்கிற வரைக்கும் என் முழங்கால் வலிக்கவே இல்லை.

கிளம்புகிற நாள் பூசாரி காப்பை அவிழ்த்து ஓடையில் விட்டார். புது மணியின் நாக்கில் நல்ல வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டினார்கள். கட்டி முடிக்கிற வரை என்னை நாலடி தள்ளியே நிறுத்தி வைத்தார்கள்.

அக்கரையில் பாய் வண்டியோடு நின்றிருந்தார், பிரியாணிக் குண்டாவும் இருந்தது. அவசரமாக இறங்கினேன். நடு ஓடையில் கால் வழுக்கி, சட்டைப் பையில் இருந்த கடவுச்சீட்டோடு உட்கார்ந்துவிட்டேன். மல்லிகா இறங்கி வந்து கையைப் பிடித்துத் தூக்கினார். ஊரே சிரித்தது, அவர்தான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார். அடுத்த தடவை பாலத்து மேலேயே நடந்து வரலாம் என்றார்.

நான் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே கேட்டேன். பாலம் வரவில்லை என்றால் அக்பர் பாய் யாரிடம் போய்க் கேட்பது? நான் யாரிடம் கேட்பது? எங்கள் இருவருக்குமே இந்த ஊரில் ஓட்டு இல்லையே.

மல்லிகா என் மணிக்கட்டைப் பார்த்தார். காப்பு இருந்த இடத்தில் மஞ்சள் இன்னும் போகவில்லை.

"என்கிட்டதான். ஓட்டு போட்டவங்க மட்டும் கேக்கணும்னு இன்னா இருக்குது? பாய் எப்ப வந்தாலும் கேக்கட்டும். நீங்களும் வந்து கேளுங்கண்ணா, பாலம் வர்ற வரைக்கும் சும்மா உடாதீங்க."